துண்டு போட்ட சீட்

பஸ் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிச்சிருப்பீங்க. துண்டு போட்டவர் ஏறவே இல்லைன்னா? சீட் காலியாத்தான் இருக்கும், ஆனா நின்னுட்டு வர்றவங்க யாருக்கும் அதை எடுக்க தைரியம் வராது. கடைசி செமஸ்டர் முழுக்க நான் மல்லுக்கட்டினது இந்தத் துண்டோடதான்.

ஒரகடம் சிப்காட்டில் ஒரு உதிரிபாக கம்பெனியில் இன்டர்ன்ஷிப். கார் ஆலைக்குப் போகும் டிராலியில் 40 பாகம். ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணி அடுக்கணும். பாதி ஸ்கேன் ஆன டிராலியை சர்வரில் நினைவில் வைத்திருந்தது ஒரு ஸ்டேட்ஃபுல் செஷன் பீன். அந்த யூனிட்டை சாய்ஸில் விட்டவங்களுக்காக: ஸ்டேட்லெஸ் பீன் யாருக்கும் சொந்தமில்லை, ஒருத்தர் வேலை முடிஞ்சதும் அடுத்தவருக்குப் போயிடும். ஸ்டேட்ஃபுல் பீன் ஒரே ஆளுக்குச் சொந்தம். அவர் "முடிஞ்சது" என்று சொல்லும் வரை காத்திருக்கும்.

அப்படிச் சொல்வதற்குத்தான் ரிமூவ். 2006-ல் வந்த இஜேபி 3.0-ல், ஒரு மெத்தட் மேல் ரிமூவ் என்று குறி போட்டால் போதும். அந்த மெத்தட் முடிந்ததும் கன்டெய்னர் பீனை அழித்துவிடும். (ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே 2006-ல்தான். ஆலையை 2014-ல் மூடிட்டாங்க. இஜேபி எங்க சர்வரில் இன்னும் ஓடுது.)

எங்க கோடிலும் குறி இருந்தது. அந்த மெத்தடைக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது யாரு ஸ்க்ரீனில் க்ளோஸ் பட்டனைத் தேடுவாங்க? டைம்அவுட்டை வேற யாரோ ஒரு புண்ணியவான் -1 என்று வைத்திருந்தார். அப்படின்னா எப்பவுமே காலாவதி ஆகாது. சும்மா கிடக்கும் பீன்களை கன்டெய்னர் மெமரியிலிருந்து டிஸ்குக்குத் தள்ளும்; இதுக்குப் பேர் பாஸிவேஷன். டிஸ்க் நிரம்பிக்கிட்டே போகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்வரை நிறுத்தி அந்த ஃபோல்டரைக் காலி பண்ணுவாங்க.

நான் டைம்அவுட்டை 20 நிமிஷம் ஆக்கினேன். பாதி வேலை போயிடக் கூடாதே என்று, பீன் அழியும் முன் ஓடும் ப்ரீ-டெஸ்ட்ராய் மெத்தடில் ஸ்கேன்களை டேட்டாபேஸில் எழுத வைத்தேன். என் டேபிளில் பத்து தடவை டெஸ்ட். பத்து தடவையும் பாஸ். சார் கைகொடுத்தார். நானும் ஹாஸ்டலில் பீத்திக்கிட்டேன்.

மறுநாள் நைட் ஷிஃப்ட். ஒரு அக்கா 38 பாகம் ஸ்கேன் பண்ணிட்டு சாப்பிடப் போனாங்க. அரை மணி நேரம் கழிச்சு வந்தா ஸ்க்ரீனில் எரர். 38-ம் காணோம். லைன் லீடர் எல்லார் முன்னாடியும் அவங்களைத்தான் திட்டினார். "நான் எதையும் தொடலை சார்" என்று அவங்க திரும்பத் திரும்பச் சொன்னதை ரெண்டடி தள்ளி நின்னு கேட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்ல எனக்கு விடியற வரைக்கும் ஆச்சு.

காரணம் இஜேபி ஸ்பெசிஃபிகேஷனிலேயே இருக்கு. டிஸ்கில் தூங்கும் பீன் அங்கேயே காலாவதி ஆனால் ப்ரீ-டெஸ்ட்ராய் ஓடாமலே போகலாம். சிஸ்டம் எக்ஸெப்ஷனில் செத்தாலும், சர்வர் விழுந்தாலும் அதே கதைதான். என் டேபிளில் இருந்தது ஒரே ஒரு பீன், அது மெமரியை விட்டு நகரவே இல்லை. ராத்திரி லோடில் எல்லாம் டிஸ்குக்குப் போயிடுச்சு.

அப்புறம் திருத்தினேன். ஒவ்வொரு ஸ்கேனும் அப்பவே டேட்டாபேஸுக்குப் போயிடும். பீன் கையில் டிராலி நம்பர் மட்டும். டைம்அவுட் ஆனாலும் நம்பரைப் போட்டா விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடிக்கறது, கேன்சல் பண்றது ரெண்டுக்கும் ரிமூவ் குறி. முடிக்கும்போது "2 பாகம் குறையுது" என்று அப்ளிகேஷன் எக்ஸெப்ஷன் வந்தாலும் பீன் அழிஞ்சிடும், அதுதான் டீஃபால்ட். ரீடெய்ன்-இஃப்-எக்ஸெப்ஷனை ட்ரூ ஆக்கினால்தான் நிற்கும். உங்க ப்ராஜெக்டில் இதை மட்டுமாவது ஒரு தடவை பாருங்க.

கடைசி வாரம் அந்த அக்காகிட்ட போய், அன்னைக்கு உங்க ஸ்கேனை அழிச்சது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க. கையில் ஸ்கேனர், டிராலியில் பாதிதான் ஆகியிருந்தது.

"இப்ப சாப்பிடப் போலாமா தம்பி?"


"போங்கக்கா."