பழைய கொய்யாக் கிளை



"குருமனையில் கிளி வளர்க்கிறீர்களாமே, ஐயா?" என்று கடந்த சில வாரங்களாக உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். சிலர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பார்க்கவும் வந்தீர்கள். பச்சை நிறத்தில் பேசும் கிளியை எதிர்பார்த்து வந்த குழந்தைகள், மார்பில் இறகில்லாமல் மூலையில் மௌனமாக நின்ற சாம்பல் நிறப் பறவையைக் கண்டு ஏமாந்து போனார்கள். அது எப்படி எங்களிடம் வந்தது என்பதை இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன். எழுதும்போது என் குறை ஒன்றையும் உங்கள் முன் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

நம் சபையின் மூத்த அங்கத்தினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மெல்போர்னில் இருக்கும் மகள், இனி அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துக்கொண்டார். வீடு, பாத்திரங்கள், புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்தது. மணி என்ற அந்தக் கிளிக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. செல்லப் பறவைகளை நியூசிலாந்திலிருந்து அன்றி வேறெந்த நாட்டிலிருந்தும் ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்பு அவர் என்னிடம் வந்தார். "ஐயா, இதுக்கு ஒரு வீடு வேணும். எனக்கு முன்னால வேற ஒருத்தர் வீட்டில இருந்தது. இப்போ மறுபடியும் ஒரு வீடு மாறணும்" என்றார். பதினான்கு வயதுப் பறவை அது. எங்கள் வீடு அதற்கு மூன்றாவது வீடு.

உடனே சம்மதித்துவிடவில்லை. வீட்டில் கலந்து பேசினோம்; விசாரித்தோம். நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதை அறியாமல் வளர்ப்பவர்கள் நம் சபையிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன். மணியோ மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட சாம்பல் கிளி. பிடித்து விற்பவர்களால் அந்த இனமும் காடுகளில் அருகிப்போனதால், 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கடுமையான தடை இருக்கிறது. இப்படிப்பட்ட அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. சார் முறையாகப் பதிவு செய்திருந்தார். கை மாறுவதையும் தெரிவித்துத் தாள்களைச் சரிசெய்தோம்.

பின்பு வீட்டை ஆயத்தப்படுத்தினோம். சாரிடம் இருந்த கூண்டில் துத்தநாகப் பூச்சு உரிந்து துருவேறியிருந்தது. கிளி கம்பியைக் கொறிக்கும். துத்தநாகம் அதற்கு நஞ்சு. ஆகவே மூன்றடி அகலத்தில் புதிய கூண்டு வாங்கினோம். அதிகமாகச் சூடேறிய நான்-ஸ்டிக் பாத்திரத்திலிருந்து எழும் புகை பறவைகளைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும் என்று அறிந்ததும், என் மனைவி தம்முடைய தோசைக்கல்லை மாற்றி இரும்புக்கல்லுக்குத் திரும்பினார். கொசுவர்த்திச் சுருளும் வாசனைத் தெளிப்பான்களும் வீட்டை விட்டு வெளியேறின. கிளி வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் மின்விசிறியைப் போட்டுவிடாதபடி சுவிட்சின்மேல் மகன் ஒரு தாளை ஒட்டினான். வெறும் சூரியகாந்தி விதையைத் தின்று வளரும் கிளிகளுக்குச் சத்துக்குறைவு நேரும் என்பதால் கீரை, கேரட், பூசணி, வேகவைத்த பயறு என்று ஒரு பட்டியல் எழுதினோம். அவகாடோ, சாக்லேட், காப்பி ஆகியவை கூடவே கூடாது என்று அதன் கீழே சிவப்பு மையில் எழுதினோம். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. 'இனி அதற்கு ஒரு குறையும் இராது' என்று மனநிறைவோடு சொல்லிக்கொண்டேன்.

மணி வந்த நாள் முதல் ஒரு சத்தமும் போடவில்லை. புதிய கூண்டின் பின்மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. மூன்றாம் நாள் கூண்டின் அடியில் சாம்பல் நிற இறகுகள் கிடந்தன. அலகால் தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் பொறுமையிழந்து, "வா மணி, இது உன் வீடு" என்று கூண்டுக்குள் கையை நீட்டினேன். அது என் பெருவிரலைக் கடித்தது. இரத்தம் வந்தது. வலியைவிடக் கோபமே மிகுதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். 'உனக்காக இவ்வளவும் செய்தோமே' என்று மனம் கசந்தது.

ஒன்பதாம் நாள், பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இறகு பிடுங்கும் கிளிக்கு முதலில் உடல்நோய் உண்டா என்று பார்க்க வேண்டுமாம். இரத்தப் பரிசோதனையில் நோய் ஏதும் இல்லை. சாம்பல் கிளியின் அறிவு குழந்தையின் அறிவைப் போன்றது என்று அவர் விளக்கினார். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் பெண்மணி, அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியோடு ஏறக்குறைய 30 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார். 2007இல் இறந்த அந்தக் கிளி நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அறிந்திருந்தது. நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துச் சொன்னது. அவ்வளவு அறிகிற பறவை, இழந்ததையும் அறியும் அல்லவா? மேலும் இந்தக் கிளிகள் புதியவற்றைக் கண்டு அஞ்சுகிறவை. புதிய பொருளை அறையின் மறுகோடியில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத்தான் அருகில் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு மருத்துவர் என்னிடம் கேட்டார்: "பழைய வீட்டிலிருந்து அதற்கு எதைக் கொண்டு வந்தீர்கள்?"

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். கூண்டு, நிற்கும் கம்பு, தண்ணீர்க் கிண்ணம், இரவில் மூடும் துணி எல்லாம் புதியவை. அந்தப் பறவை முன்பு கண்டிருந்த எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. வந்தது பறவை மட்டுமே.

அன்று மாலையே சாரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் புறப்பட இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. விஷயத்தைச் சொன்னதும், கொல்லையில் கழித்துப்போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு கொய்யாக் கிளையைத் தேடி எடுத்தார். மணி பல ஆண்டுகள் நின்று நின்று நடுவில் தேய்ந்திருந்த கிளை அது. அதோடு, அது தட்டி விளையாடும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றையும், இரவில் கூண்டின்மேல் போடும் தம்முடைய பழைய கட்டம்போட்ட துண்டையும் தந்தார். "காலையில ரேடியோ போட்டுட்டுத்தான் துண்டை எடுப்பேன் ஐயா. அதைக் கேட்டாத்தான் அதுக்கு விடிஞ்சது" என்றார்.

கிளையைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, கூண்டுக்குள் பொருத்திக்கொண்டிருந்தேன். என் தாயார் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, என்னைப் பாராமலே சொன்னார்:

"அதுக்காவது கேக்கத் தோணிச்சே."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

என் தகப்பனார் மறைந்த பின்பு, நாசரேத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் குருமனைக்கு அழைத்துவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருக்காக அறையை ஆயத்தப்படுத்தினேன். புதிய கட்டில், மெத்தை, குளிர்சாதனம், முழங்கால் வலிக்கு ஏற்ற கழிவறை; எதிலும் குறை வைக்கவில்லை. அவர் நாற்பது ஆண்டுகள் படுத்துறங்கிய நார்க்கட்டிலை, "இது எதற்கு அம்மா, உளுத்துப்போயிற்று" என்று பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன். வந்த நாள் முதல் அம்மா அதிகம் பேசுவதில்லை. அதை முதுமை என்று எண்ணினேன். துக்கம் என்று எண்ணினேன். சில நாட்களில், சொல்ல வெட்கப்படுகிறேன், நன்றியின்மை என்றும் எண்ணினேன். கிளியின் மௌனத்துக்குக் காரணம் கேட்க மருத்துவரிடம் ஓடிய நான், என் தாயின் மௌனத்துக்கு ஒருநாளும் காரணம் கேட்கவில்லை.

அன்றிரவு அவர் அருகில் அமர்ந்தேன். "அம்மா, என்னை மன்னிச்சிருங்க. அந்த வீட்டிலிருந்து எதைக் கொண்டுவர நினைச்சீங்க?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "கட்டில்" என்றார். பின்பு, "கொல்லையில நின்ன முருங்கை" என்றார், தாமே சிரித்துக்கொண்டார். கடைசியாகச் சொன்னதுதான் என்னை உடைத்தது. "நாலு மணிக்கு வாசப்படியில உக்காருவேன். போறவங்க வாறவங்க ஒரு வார்த்தை பேசுவாங்க. இங்க கதவு எப்பவும் சாத்தியே கிடக்கு."

பிரியமானவர்களே, எரிகோவின் வழியருகே உட்கார்ந்து கூப்பிட்ட பர்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவன் பார்வையற்றவன் என்பதை அங்கே நின்ற எல்லாரும் கண்டார்கள். அவனுக்கு வேண்டியது இன்னதென்று ஆண்டவர் அறியாதவர் அல்லர். ஆயினும் அவனை அருகே அழைத்து, தான் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சகலத்தையும் அறிந்தவர் கேட்டார். பாதியும் அறியாத நானோ கேட்காமலே கொடுத்தேன். கேளாமல் கொடுக்கும்போது கொடுக்கிறவனுடைய மனம் நிறைகிறது. பெறுகிறவர் கண்ணுக்குத் தெரியாதவராகிவிடுகிறார். அடைக்கலம் கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் நம்மிடம் வருகிறவர் நம் வாசலில் பிறந்தவர் அல்லர். அவருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, தேய்ந்துபோன ஒரு கிளை இருக்கிறது.

மணி அந்தக் கிளையில் ஏறி நிற்க இரண்டு நாட்கள் ஆயின. நான் கை நீட்டுவதை நிறுத்திவிட்டு, காலையில் வானொலியைப் போட்டுத் துண்டை எடுத்து, சற்றுத் தள்ளி அமர்ந்து ஜெபக்குறிப்பு எழுதப் பழகினேன். ஐந்து வாரங்கள் கழிந்தன. ஒரு நண்பகலில் அம்மா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூண்டிலிருந்து, மெல்போர்னுக்குப் போய்விட்ட சாரின் அதே குரலில், "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா சற்றும் வியப்பின்றி, "ஆச்சுப்பா, நீ சாப்பிட்டியா?" என்றார்.

மார்பில் இறகு இன்னும் முழுமையாக முளைக்கவில்லை. பலமுறை பிடுங்கப்பட்ட இடத்தில் ஒருவேளை முளைக்காமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சில இரவுகளில் இப்போதும் பிடுங்கிக்கொள்கிறது. அம்மாவின் கட்டிலும் திரும்பக் கிடைக்கவில்லை. விசாரித்துப் பார்த்தேன், அது என்றோ விறகாகிவிட்டது. சில இழப்புகளை மனந்திரும்புதலும் மீட்டுத் தருவதில்லை. ஆனால் நான்கு மணிக்குக் குருமனையின் வாசற்கதவு இப்போது திறந்திருக்கிறது. அம்மாவின் நாற்காலி திண்ணையில் இருக்கிறது. அவ்வழியே போகும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று உங்களை வேண்டுகிறேன்.

சாம்பல் கிளிகள் நன்றாகப் பராமரித்தால் 40 முதல் 60 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. எனக்கு வயது 53. மணி எனக்குப் பின்னும் வேறொரு வீட்டுக்குப் போக நேரிடலாம். ஆகவே ஒரு நோட்டில் அதன் பழக்கங்களை எழுதி வருகிறேன்: எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தால் வருடிவிட வேண்டும், எந்தச் சத்தத்துக்கு அஞ்சும், காலையில் எதை முதலில் செய்ய வேண்டும். முதல் பக்கத்தில், 'கிளையை மறக்காமல் எடுத்துச் செல்லவும்' என்று எழுதியிருக்கிறேன்.

சென்ற வாரம் சாரோடு தொலைபேசியில் பேசினேன். மணியைப் பற்றி எல்லாம் கேட்டார். நான் வழக்கம்போல, "நல்லா இருக்கீங்களா சார்? மகள் நல்லா கவனிச்சுக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தப் போனேன். பிறகு, "சார், இங்கேயிருந்து என்னென்ன கொண்டு போனீங்க?" என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "முப்பது கிலோ ஐயா. ஐம்பது வருஷத்தை முப்பது கிலோவுக்குள்ள அடைக்கச் சொன்னாங்க" என்றார். பின்பு அரைமணி நேரம், கொண்டுபோனதையும் விட்டுப்போனதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் வேறொரு வீட்டை விட்டு வந்த ஒருவர் இருக்கலாம். முதிய தகப்பன், விதவையான அத்தை, புதிதாக வந்த மருமகள், விடுதியிலிருந்து திரும்பிய பிள்ளை, யாராகவும் இருக்கலாம். இந்த வாரம் அவருக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அருகில் அமர்ந்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் தாமதமாகலாம். காத்திருங்கள்.

ஜெபம்: எங்களைப் பேர்சொல்லி அழைக்கிற ஆண்டவரே, நாங்கள் கேளாமல் கொடுத்தவற்றையும் கேளாமல் எடுத்துப்போட்டவற்றையும் எங்களுக்கு மன்னியும். எங்கள் கூரையின்கீழ் வந்தவர்களின் மௌனத்தைக் கேட்கும் செவியையும், அவர்கள் பேசும்வரை காத்திருக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். வீடு மாறி வாழும் ஒவ்வொருவருக்கும் நீரே நிலையான வாசஸ்தலமாயிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.