கழற்றப்படாத சக்கரம்



சென்ற மழைக்காலத்தில், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் எங்கள் காரின் முன்சக்கரத்திலிருந்து கீச்சென்ற ஒலி எழுந்தது. உம்மாவை மாதந்தோறும் தக்கலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறோம். ஆகவே காலம் தாழ்த்தாமல், கார் வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலேயே வண்டியை ஒப்படைத்தோம். மாலையில் தந்த பில்லில் முன்பக்க பிரேக் பேட் மாற்றியதற்கான விலையும் கூலியும் இருந்தன. செலுத்தினோம்.

மறுநாளும் ஒலி நிற்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “புது பேட் சார், கொஞ்ச நாள் சத்தம் வரும்” என்றார்கள். நம்பினோம். அந்த நம்பிக்கையிலேயே உம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தி, கொட்டும் மழையில் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் கடந்து போய் வந்தோம்.

ஊர் திரும்பியபின் தெருமுனைப் பட்டறையில் காட்டினோம். சக்கரத்தைக் கழற்றிய தம்பி நிமிர்ந்து பார்த்து, “காக்கா, இது பழைய பேட்தான். தேய்ஞ்சு தகடு தட்டுது” என்றார். பேட் தேய்ந்து முடியும் நிலையில், அதிலுள்ள சிறு தகடு டிஸ்கில் உரசி ஒலி எழுப்பும். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டேதான் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உம்மாவைக் கொண்டுபோய் வந்திருக்கிறோம்.

பில்லோடு சென்று கேட்டோம். “பையன் மறந்துவிட்டான்” என்று மேலாளர் பேட்களை மாற்றித் தந்தார். மறதி வேலையில் வந்தது, பில்லில் வரவில்லை.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வணிகரைக் கேட்ட செய்தியை நாம் அறிவோம். கோபம் தணிந்தபின் அச்செய்தி எங்களையே சுட்டது. எங்கள் குடும்பத் தொழில் துணிக்கடை. சாயம் நிற்காது என்று தெரிந்த துணியை, கேட்காதவரிடம் சொல்லாமல் விற்ற நாட்கள் எங்களுக்கும் உண்டு. அளவையில் குறைப்போரை எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயம் தராசு பிடிப்போருக்கு மட்டும் உரியதன்று. ஸ்பேனர் பிடிப்போருக்கும் முழக்கோல் பிடிப்போருக்கும் உரியதே. இப்போது சாயம் போகும் துணியை அப்படியே சொல்லி விலை குறைத்துத் தருகிறோம்.

ஆயினும் ஏமாற்றத்தைச் சகித்துக்கொள்வது பொறுமையாகிவிடாது. வண்டியை விடும்போது குறைகளை ஜாப் கார்டில் நம் சொற்களிலேயே எழுதச் செய்வோம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுவோம். பணம் செலுத்துமுன் அவர்களையும் உடன் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். பின்னும் குறை தீராவிடில் எழுத்தில் புகார் தருவோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை நாடலாம். நம் மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில் உள்ளது. நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை.

உம்மாவிடம் இதையெல்லாம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் அவர் தஸ்பீஹ் ஓதியபடியே வருகிறார்.

வாங்குவதிலும் கொடுப்பதிலும் நேர்மையானவர்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.