தேய்மானம்: பாடப்புத்தகத்தில் ஒன்று, மழையில் ஒன்று

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனவங்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழி பக்கம் ரோட்டுக்கு ரெண்டு புறமும் காற்றாலைதான். பி.காம் படிக்கிற எனக்கு அதைப் பார்த்தால் தேய்மானம்தான் ஞாபகம் வரும். விலையை 20 வருஷத்தால் வகு, வருஷா வருஷம் கழி. நேர்கோட்டு முறை. செமினாரில் பழுதுச் செலவையும் அப்படியே சமமாகப் பங்கு போட்டேன். கைதட்டல் கூட கிடைச்சுது.

அப்புறம்தான் மழையைப் பற்றிப் படிச்சேன். பெரிய காற்றாலையில் இறக்கையின் நுனி நொடிக்கு 80, 90 மீட்டர் வேகத்தில் சுத்தும். மணிக்கு சுமார் 300 கி.மீ! அந்த வேகத்தில் 2 மி.மீ. மழைத்துளி மோதினால் சுத்தியலால் தட்டின மாதிரி.

இறக்கை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. மேல் பூச்சு கெட்டியா இருந்தால் தாங்கும்னு நினைச்சேன். தப்பு. கெட்டியானது வெடிக்குது. ரப்பர் மாதிரி இருக்கிற பாலியூரித்தேன் அமுங்கிக் கொடுக்குது, அதனால் அடியின் அழுத்தமே குறையுது. ஆனா அடுத்த துளி அங்கேயே விழுவதற்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிடணும்.

மேற்பரப்பும் முக்கியம். மோதின துளி பக்கவாட்டில் பாய்ந்து ஓடும். வழவழன்னு இருந்தால் வழுக்கிட்டுப் போயிடும். சின்னக் குழியோ, பூசும்போது மாட்டின காற்றுக்குமிழியோ இருந்தால் அங்கே பிடிச்சுக் கிழிக்கும்.

என் கணக்கு உடைஞ்சது இங்கேதான். ரொம்ப நாளைக்கு வெளியில் ஒண்ணுமே தெரியாது, எடை கூட குறையாது. உள்ளுக்குள்ளே களைச்சுக்கிட்டே வரும். முதல் குழி விழுந்ததும் சடசடன்னு தேயும், மின்சாரமும் குறையும். கடல் நடுவே நிற்கும் காற்றாலைன்னா ஆளைக் கயிற்றில் தொங்கவிட்டு, மழை இல்லாத நாளாப் பார்த்துப் பூசணும். சமமாப் பங்கு போட்டவன் அந்த வருஷம் காசுக்கு எங்கே போவான்?

2018-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு கணக்குப் போட்டாங்க. கனமழை பெய்யும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் இறக்கையை மெதுவா சுத்தவிட்டால், கொஞ்சம் மின்சாரம் போகும், இறக்கை முனையின் ஆயுள் பல மடங்கு நீளும்.

இன்ஜினியரிங் பசங்க போட்ட கணக்குதான். ஆனா அதில் இருந்த வரவு செலவு, என் செமினாரில் இல்லை.