இடாப்பில் ஒரு நிரல்

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் ஏழையின் பிள்ளைக்கும் பாடசாலை வாயிலைத் திறந்தது. எந்தப் பாடசாலையின் வாயில் என்பதே இன்றைய கேள்வி. கல்முனையில் தேசியப் பாடசாலைகளின் முன்னே பெற்றோர் காத்து நிற்க, கடலோரத்து எமது சிறு பாடசாலையில் வாங்குகள் வெறுமையாகின்றன. 2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின் கரையோரக் குடிகள் பல வீட்டுத் திட்டங்களுக்குப் பெயர்ந்தன. வசதியுள்ளோர் மாதக் கூலிக்கு வண்டி அமர்த்திப் பிள்ளைகளை அப்பால் அனுப்புகின்றனர்.

எஞ்சியோர் யாவர்? சேர்விடாப்பில் தந்தையின் தொழில் என்னும் நிரலைப் பாருங்கள்: கரைவலை, கூலி, கைத்தறி, மீண்டும் கரைவலை. தாயின் நிரலில் சிலருக்கு ‘வெளிநாடு’ என்றிருக்கும். அது தொழிலன்று, இடம். ஆயினும் அதைத் திருத்த எமக்கு மனம் வருவதில்லை.

தொகை குறைந்ததென்று கணித ஆசிரியரை மாற்றுகின்றனர். ஆசிரியர் இல்லையென்று மேலும் நால்வர் விலகுகின்றனர். இத்தகைய பாடசாலைகளை மூடிவிடலாம் என்போர், கரைவலைக்காரரின் மகளுக்கு வண்டிக் கூலியை யார் கொடுப்பார் என்பதையும் சொல்லட்டும்.