வரும் பருவம்

பாடசாலை றக்பிப் பருவம் நெருங்கிவிட்டால் கொழும்பிலிருக்கும் என் சகோதரியின் மகன் தவறாமல் தொலைபேசியில் அழைப்பான். "மாமா, இந்தமுறை றோயலோ, ட்ரினிட்டியோ?" என்பதுதான் கேள்வி. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் மறுமொழி கூறாதிருக்க முடியுமா?

சென்ற ஆண்டின் வெற்றிகளை முதலில் மறந்துவிடு என்பேன். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி ஆண்டுதோறும் கரைவது. பதினைந்து பேரில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள்? ஸ்க்ரமில் தோள்கொடுக்கும் முன்வரிசை மூவரும் சேர்ந்து பழகியவர்களா? ஒன்பதாம், பத்தாம் இலக்க வீரர்களுக்கிடையில் புரிந்துணர்வு உண்டா? இவற்றை அறிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி பந்தின் வடிவத்தில் இருக்கிறது. அது எப்பக்கம் துள்ளும் என்பதை எந்த நிருபரும் அறியார்.

1945இல் றோயல் அதிபர் பிரட்பி வழங்கிய கேடயத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம். இரண்டிலும் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகையே தீர்ப்பு. எனவே, தோல்வி உறுதியான கடைசி நிமிடத்தில் தடுக்கப்படும் ஒரு ட்ரைகூட ஐந்து புள்ளிகளைக் காத்து, ஈற்றில் கேடயத்தையே பெற்றுத்தரலாம்.

இவ்வளவும் சொல்லும் நான் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வளர்ந்தவன். எங்கள் ஆட்டம் உதைபந்து. அந்த முட்டை வடிவப் பந்தைச் சிறுவயதில் கடற்படையினரின் கைகளில் தூரத்திலிருந்து கண்டதோடு சரி.

இந்திய அமைதிப்படையின் கடைசித் தொகுதி 1990 மார்ச்சில் எங்கள் துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. ஊர் சற்றே மூச்சுவிட்ட அந்நாட்களில், எங்கள் பாடசாலை அணியையும் அயல் பாடசாலை அணியையும் ஒப்பிட்டு ஒரு கொப்பியில் நான்கு பக்கங்கள் எழுதினேன். எங்கள் கோல்காப்பாளன் உயர்ந்து வரும் பந்துக்குப் பாய்வான். தரையோடு வருவதற்குத் தாமதிப்பான். அவர்களது இடதுபக்க முன்கள வீரன் வெறுங்காலுடன் ஓடியே எவரையும் முந்துவான். ஆட்டம் ஜூன் இறுதியில் என்று பேச்சு.

ஜூன் நடுப்பகுதிக்குள் மீண்டும் போர் மூண்டுவிட்டது. கோல்காப்பாளன் படகேறித் தமிழகத்து அகதி முகாமொன்றை அடைந்தான் எனப் பின்னர் அறிந்தேன். மற்றவனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. கொப்பியும் வீட்டோடு எரிந்தது. என் முதலாவது விளையாட்டுக் கட்டுரை அதுதான்.

பின்னாளில் கொழும்பில் விளையாட்டுப் பக்கத்துக்காக எத்தனையோ முன்னோட்டங்கள் எழுதினேன். "வரும் பருவத்தில்" என்று தொடங்கும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்கும். ஏனையோருக்கு அது நாட்காட்டியிலுள்ள ஒரு திகதி. எனக்கோ அது நிறைவேறினால்தான் உண்டு.

2020இல் கொரோனாவால் பாடசாலை றக்பி நின்றபோது மருமகன் அழைத்தான். "மட்ச் இல்லையாம் மாமா. இவங்களுக்கு இதுதான் கடைசி வருஷம்." குரல் கம்மியிருந்தது. என்ன துயரம் அது என்பதை நான் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வயது அடுத்த ஆண்டுவரை காத்திருப்பதில்லை.

இந்த ஆண்டும் அழைத்தான். என் கணிப்பைச் சொன்னேன். அது பிழைத்துப்போகலாம், பலமுறை பிழைத்திருக்கிறது. இரு அணிகளும் மைதானத்துக்கு வந்து சேரட்டும். அதற்குப் பிறகு நான் தோற்றாலும் கவலையில்லை.