உரைகல்லும் உள்ளமும்

பொன்னின் மாற்றை உரைகல் சொல்லும். பொருளின் எடையைத் தராசு சொல்லும். மனிதன் ஆக்கிய எப்பொருளும் ஆய்ந்து பார்த்த பின்னரே கைமாறுதல் வேண்டும் என்பது உலகம் ஒப்பிய முறை. பழந்தமிழ்ப் புலவர்கள் தாம் இயற்றிய நூலை அறிஞர் அவையில் அரங்கேற்றினர். அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை பகர்வர். தடைகளைத் தாங்கி நின்ற நூலே நூலெனப் போற்றப்பெற்றது. இந்நாளில் கணிப்பொறிக்கென எழுதப்படும் மென்பொருளுக்கும் அத்தகைய அரங்கேற்றம் ஒன்று உண்டு. அதற்கு மென்பொருள் சோதனை என்று பெயர். அவ்வரங்கில் தடை எழுப்புவோர் வரிசையில் பல்லாண்டு அமர்ந்திருந்தோம் என்னும் உரிமையால், அப்பணியில் எதிர்ப்படும் அறச்சிக்கல்கள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். குறை கண்டவன் அதனைச் சொல்லலாமா, சொல்வதாயின் யாரிடம் எவ்வாறு சொல்லுவது என்னும் வினா எல்லாத் துறைக்கும் பொதுவானதன்றோ?

முற்றுப்பெறாத தேர்வு

மென்பொருளை முற்றும் சோதித்துவிட்டோம் என எவரும் உரைத்தல் இயலாது. பத்து இலக்க எண் ஒன்றை ஏற்கும் ஒரேயொரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இடத்தக்க எண்கள் ஆயிரம் கோடி. நொடிக்கு ஒன்றாக இட்டுப் பார்த்தாலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு கட்டத்திற்கே இந்நிலை எனில், நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட மென்பொருளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? சோதனையால் பிழை உண்டு என்று காட்டலாமேயன்றிப் பிழையே இல்லை என்று மெய்ப்பிக்க இயலாது என்பதனை டச்சு நாட்டுக் கணிப்பொறி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா நெடுநாள் முன்னரே தெளிவுபடுத்தினார்.

ஆகவே சோதிப்போர் தெரிவு செய்கின்றனர். 18 முதல் 60 வயது வரை உள்ளோரை ஏற்க வேண்டிய மென்பொருளுக்கு 17, 18, 60, 61 ஆகிய எண்களை இட்டுப் பார்ப்பர்; பிழைகள் பெரும்பாலும் எல்லைகளிலேதான் பதுங்கியிருக்கும். எதனைச் சோதிப்பது, எதனை விடுப்பது, எப்போது போதும் என நிறுத்துவது என்று தெரிவு செய்யும் இடத்திலேயே அறமும் வந்து சேருகின்றது. பொருளை வாங்குவோர் குறித்த நாளில் வேண்டுமென்பர். நிறுவனத்தார் செலவைக் குறைக்க வேண்டுமென்பர். எழுதியவர் தம் உழைப்பு பழிக்கப்படலாகாது என்பர். சோதிப்போர் இன்னும் பத்து நாள் வேண்டுமென்பர். இந்நால்வர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஐந்தாமவர் ஒருவரும் இருக்கின்றார். அம்மென்பொருளால் நன்மையோ தீமையோ அடையப் போகும் எளிய மனிதர் அவர். அவருக்கு அக்கூட்டத்தில் இருக்கை இடப்படுவதில்லை.

ஈரமான தானியம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் சென்றபோது தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள் என்றும், விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது என்றும் ஸஹீஹ் முஸ்லிம் நூலில் இடம்பெறும் நபிமொழி தெரிவிக்கின்றது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய பெருமானார், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் நம் தொழிலுக்கு இரு பாடங்கள் உள. முதலாவது, மேற்பரப்பைப் பார்த்து நிறைவடையாமல் உள்ளே கையை நுழைத்தல். இரண்டாவது இன்னும் நுட்பமானது. தானியம் நனைந்ததற்காக அவ்வணிகர் கண்டிக்கப்படவில்லை. மழை அவர் வசத்தில் இல்லை. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றமாயிற்று. மென்பொருளில் பிழை நேர்வதும் மழையைப் போன்றது. முயன்றும் முற்றிலும் தடுத்தற்கரியது. அதனை மறைத்து விற்பதே மோசடியாகும். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கும் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் மரக்கால்களுக்கும் தராசுகளுக்கும் மட்டும் உரியதென்று கருதலாகாது.

உலகம் கற்ற பாடங்கள்

கனடா நாட்டு அணுசக்தி நிறுவனம் தயாரித்த தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி, 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைப் பாய்ச்சிற்று. அவர்களுள் சிலர் மாண்டனர். முந்தைய பொறிகளில் விபத்தைத் தடுக்கத் தனியே இயந்திரப் பூட்டுகள் இருந்தன; இப்பொறியில் அவற்றை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பினர். பொறியை இயக்குவோர் பதிவிட்டதைச் சில நொடிகளுக்குள் விரைந்து திருத்தினால் மட்டுமே வெளிப்படும் பிழை அதனுள் இருந்தது. தொடக்கத்தில் தயாரிப்பாளர்கள் தம் பொறியால் அத்தகைய தீங்கு நேர இயலாது என்றனர். டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றின் இயற்பியலாளரும் பொறியை இயக்கிய பணியாளரும் அமர்ந்து, மீண்டும் மீண்டும் முயன்று அப்பிழையைத் தாமே வரவழைத்துக் காட்டிய பின்னரே உண்மை துலங்கிற்று.

பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தில் 1999ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளின் கதை இன்னும் துயரமானது. இல்லாத பற்றாக்குறையை அது கணக்கில் காட்டிற்று. நிறுவனம் கணிப்பொறியை நம்பியது. மனிதரை நம்ப மறுத்தது. 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்ட துணை அஞ்சலக அலுவலர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் நம் நாட்டு வழிவந்தோரும் இருந்தனர். கருவுற்றிருந்த பெண்மணி ஒருவர் 2010இல் சிறை சென்றார். முறையிட்ட பலரிடம், இத்தகைய சிக்கல் உமக்கு மட்டுமே நேர்ந்துள்ளது என்று கூறப்பட்டது. அம்மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று இலண்டன் உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2024இல் தனிச்சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. சிலப்பதிகாரம் பயின்ற மாணவர்க்கு, பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் நினைவுக்கு வருவான். ஆயினும் பாண்டியன் உண்மை அறிந்த அக்கணமே அரியணையிலேயே உயிர் நீத்தான். இங்கோ உண்மை வெளிப்பட இருபது ஆண்டுகள் ஆயின.

நாம் கண்ட ஒரு வழக்கு

நாம் சோதனைக் குழுவொன்றை வழிநடத்திய காலத்தில், தொழிற்சாலை ஒன்றிற்கு ஊதியக் கணக்கு மென்பொருள் உருவாகி வந்தது. ஒப்படைக்க மூன்று நாள்களே இருந்தன. குழுவில் புதிதாய்ச் சேர்ந்திருந்த இளம்பெண் ஒருவர், பட்டியலில் இல்லாத ஒன்றைத் தாமே சோதித்துப் பார்த்தார். மாதத்தின் கடைசி நாளன்று இரவுப் பணிக்கு வரும் தொழிலாளி, மறுநாள் காலை வரை உழைக்கின்றார். நள்ளிரவுக்குப் பிந்திய மணிகள் அம்மாதக் கணக்கிலும் சேரவில்லை. அடுத்த மாதக் கணக்கிலும் சேரவில்லை. ஆறு மணிநேர உழைப்பு எந்த ஏட்டிலும் இன்றி மறைந்தது.

இது வாடிக்கையாளர் கேட்டுப் பெற்ற தேவைப் பட்டியலில் இல்லாதது. ஆகவே இதனைச் சிறு குறை எனப் பதிந்து, அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றார் மேலாளர். அவரைக் கொடியவரென்று கருதலாகாது. நாள் தவறினால் ஒப்பந்தப்படி தண்டத்தொகை உண்டு. அதன் சுமை முழுக் குழுவின் மேலும் விழும். வாடிக்கையாளரும் வருந்தப் போவதில்லை. அப்பிழையால் அவருக்கு இழப்பேதும் இல்லை. இழப்பவர் இரவெல்லாம் விழித்த தொழிலாளி. அவரோ நம் வாடிக்கையாளர் அல்லர்.

எம் தொழிலில் தீவிரம், முன்னுரிமை என இரு அளவுகள் உள. பிழையால் விளையும் தீங்கு எவ்வளவு என்பது தீவிரம். அதனை எப்போது திருத்துவது என்பது முன்னுரிமை. முன்னுரிமையை முடிவு செய்யும் உரிமை மேலாளருக்கு உண்டு என்பதை ஒப்பினோம். தீவிரத்தைக் குறைத்து எழுதுமாறு அப்பெண்ணைப் பணிக்க இயலாது என்றோம். தீவிரம் சாட்சியம், முன்னுரிமை தீர்ப்பு. தீர்ப்புக்கேற்பச் சாட்சியத்தைத் திருத்துவது எந்த நீதி? அன்றியும், முதல் வேலையில் முதல் மாதங்களில் ஒருவர் கற்கும் பாடம் பொய் எழுதுவதாக இருந்தால், பின்னர் அவருக்கு எந்தப் பயிற்சி அளித்து என்ன பயன்?

அத்துடன் சிக்கல் தீரவில்லை. திருத்துவதற்கு ஒரு நாள் போதும். ஆனால் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பழுதுபடுவதுண்டு. ஆகவே ஊதியக் கணக்கு முழுவதையும் மறுபடி சோதிக்க மேலும் ஐந்து நாள் தேவைப்பட்டது. குழுவினர் மூன்று நாளும் இரவு பகல் பாராது அமர்ந்தால் குறித்த நாளிலேயே முடிக்கலாம் என்றொரு யோசனை எழுந்தது. அக்குழுவோ முந்தைய இரு வாரங்களாகவே இரவு நெடுநேரம் உழைத்துக் களைத்திருந்தது. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்த தாயும் அவர்களுள் ஒருவர். வியர்வை உலருமுன் உழைப்பவர்க்குக் கூலி வழங்கச் சொன்ன மார்க்கம் நம் மார்க்கம். ஒரு தொழிலாளியின் கூலியைக் காக்க மற்றொரு தொழிலாளியின் உறக்கத்தைப் பறிப்பது நீதியாகுமா?

கலந்தாலோசனையைப் பெயராகவே கொண்ட அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. அதன் 42ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’ எனப்படுகின்றது. மேலாளர், நிரல் எழுதியவர், சோதித்தவர் அனைவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசினோம். பிழையை உள்ளவாறே வாடிக்கையாளருக்கு எழுதுவது என்றும், மூன்று நாள் கூடுதலாகக் கேட்பது என்றும் முடிவாயிற்று. தண்டத்தொகை கட்ட நேர்ந்தது. அவ்வாண்டு குழுவினர்க்கு ஊக்கத்தொகையும் குறைந்தது. அறவழி நடந்தால் ஆதாயம் பெருகும் என்று மாணவர்க்குப் பொய் சொல்ல நாம் விரும்பவில்லை. அறத்திற்கும் விலையுண்டு. அவ்விலையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல் எல்லோரும் பகிர்ந்துகொண்டதே அன்று எமக்கு நிறைவளித்தது.

குறை கூறுதலும் புறங்கூறுதலும்

பிறர் பணியிலுள்ள குறையை ஏட்டில் எழுதுவது புறங்கூறுதல் ஆகாதா என்று அப்பெண் ஒருமுறை வினவினார். நபிமொழிகளைத் தொகுத்த பேரறிஞர்கள் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எதிர்கொண்டனர். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் அவர்கள் ஆராய்ந்து, நம்பத்தக்கவர் இவர், நினைவு பிசகுபவர் இவர் என எழுதி வைத்தனர். மார்க்கத்தைக் காக்கும் பொருட்டு, தேவையான அளவில், உண்மையை மட்டும் உரைப்பதாகலின் அது விலக்கப்பட்ட புறங்கூறலில் அடங்காது எனத் தெளிந்தனர். அம்மூன்று வரையறைகளையும் நாம் எம் குழுவுக்கு விதியாக்கினோம். பயன்படுத்துவோரின் நலன் கருதி எழுதுக. தேவைக்கு மேல் எழுதற்க. கண்டதை மட்டும் எழுதுக. பிழை எந்நிலையில் தோன்றுகின்றது, எவ்வாறு மீண்டும் வரவழைப்பது, விளையும் தீங்கு யாது என்பன போதும். எழுதியவர் பெயரும் அவரைப் பற்றிய அடைமொழிகளும் வேண்டா.

மற்றொரு வழக்கத்தையும் கைவிட்டோம். மிகுதியாகப் பிழை கண்ட சோதனையாளரையும் குறைவாகப் பிழை செய்த நிரலாளரையும் எண்ணிக்கையால் மதிப்பிடும் முறை அதற்கு முன் இருந்தது. அதன் விளைவாக, சோதிப்போர் எழுத்துப் பிழைகளைத் தேடித் தொகுத்தனர். எழுதுவோர் ஒவ்வொரு பிழைக்கும் வழக்காடினர். எண்ணிக்கை வளர்ந்தது, நட்பு தேய்ந்தது, ஆழத்திலிருந்த பிழைகள் ஆழத்திலேயே இருந்தன. அம்மதிப்பீட்டை நீக்கிய பின்னர், நிரலாளர்களே சோதிப்போரிடம் வந்து, இவ்விடத்தில் எமக்கு ஐயம் உண்டு, சற்றுப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினர்.

மாணவர்க்கு ஒரு சொல்

இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் எவரும் இல்லாவிடினும் கெடுவான் என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்து. ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் அரசர்க்குச் சொன்ன அதனை, நிறுவனத் தலைவர், கல்லூரி முதல்வர், ஜமாஅத் நிர்வாகி, குடும்பத் தலைவர் ஆகிய அனைவர்க்கும் பொருத்திக் காணலாம். தலைமையின் சிறப்பு, தம்மிடம் குறை சொல்ல அஞ்சாத இளையோர் எத்துணைப் பேர் தம்மைச் சூழ்ந்துள்ளனர் என்பதனால் அளக்கத்தக்கது.

இக்கல்லூரியினின்று வெளியேறும் மாணவ மாணவியருள் பலர் நாளை கணிப்பொறியின் முன் அமர்வீர்கள். உங்கள் கையில் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு பணியும் அமானிதம். கூட்டத்தில் இருக்கை இல்லாத அந்த ஐந்தாம் மனிதரை, மாதக்கடைசி இரவில் விழித்திருக்கும் அந்தத் தொழிலாளியை, முடிவெடுக்கும் போதெல்லாம் நினைவிற் கொள்ளுங்கள். குறையைக் காணும் கூர்மையையும், அதனைக் கனிவோடு கூறும் நாவையும், பிறர் கூறும்போது ஏற்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக.