கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றும் குடும்பங்களிற் பல, கியர் பெட்டியினுள்ளும் எண்ணெய் உண்டு என்பதையே மறந்துவிடுகின்றன. நாம் அதைப்பற்றி எண்ண நேர்ந்தது, கோவையில் பழைய கார் ஒன்றை வாங்கிக் குன்னூருக்குக் கொண்டுவந்த பிறகுதான். சமவெளியில் குறையின்றி ஓடிய வண்டி, தை மாதக் காலைகளில் இரண்டாம் கியருக்கு வர மறுத்தது. சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பின்னரே வழிக்கு வந்தது.

மாதம் ஒருமுறை தாயாரை விடியற்காலையில் கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் உருளுமாயின் பிரேக் ஒன்றே துணை. அதையே ஓயாமல் மிதித்தால் அதுவும் சூடேறி வலுவிழக்கும். எனவே இது வெறும் அசௌகரியமன்று.

கிளட்ச் போய்விட்டது என்றார் ஒருவர். பெட்டியை இறக்கிப் பிரிக்கவேண்டும் என்றார் மற்றொருவர். முதிய மெக்கானிக் ஒருவர் மட்டும் டிரெயின் நட்டைக் கழற்றி, வழிந்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தார். மிகக் கெட்டி, 140 ஆக இருக்கும், சத்தத்தை மறைக்க யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்றார்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் இல்லத்தரசியர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பில் இளகி ஓடும் பாகு, ஆறினால் கெட்டிப்படும். எண்ணெயும் அவ்வாறே. கியர் மாறும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களைப் பித்தளை வளையமொன்று உராய்ந்து ஒரே வேகத்துக்குக் கொணர்கிறது. இடையிலுள்ள எண்ணெய் விலகினாலன்றி வளையம் பற்றாது. குளிர்ந்த கெட்டி எண்ணெய் எளிதில் விலகாது. அதற்காக மிக இளகிய எண்ணெயை ஊற்றலாமோ? சூட்டில் அது பற்களுக்கிடையே நில்லாது நழுவ, பற்களும் பேரிங்குகளும் தேயும்.

எங்கள் காரின் கையேடு கூறியது 75டபிள்யூ-90. முன் எண் குளிரில் அதன் இளக்கத்தையும், பின் எண் 100 பாகை செல்சியசில் அதன் கெட்டியையும் குறிக்கும். 90 என்பது எஞ்சின் எண்ணெய் 40ஐப்போல் இருமடங்கு கெட்டி என்று கருதலாகாது, அளவுகோலே வேறு. கியர் எண்ணெய் 90, எஞ்சின் எண்ணெய் 40, 50 ஆகியவற்றுக்கு ஏறக்குறைய நிகரானது. கையேடு இடங்கொடுத்தால், சமவெளியில் வாழ்வோர்க்கு 80டபிள்யூ-90 போதும்.

கடைக்காரர் பெரும்பாலும் கேட்பது எத்தனை லிட்டர் என்பது மட்டுமே. ஜிஎல்-4 என்ற குறியையும் நாமே பார்த்து வாங்கவேண்டும். ஜிஎல்-5 வகையில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்கள் மிகுதி. அவ்வெண்ணெய்களுட் சில பித்தளை வளையத்தை அரிக்கும். கையேடு ஜிஎல்-4 என்றால், 'இது அதைவிட உயர்ந்தது' என்னும் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

புதிய எண்ணெய் ஊற்றிய மறுநாட் காலையே இரண்டாம் கியர் தடையின்றி விழுந்தது. ஆனால் 140 மறைத்து வைத்திருந்த முனகல் மூன்றாம் கியரில் இப்போது தெளிவாகக் கேட்கிறது. பேரிங் ஒன்று தேய்ந்திருக்கிறதாம். அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.